நெருக்கடி நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கி என்ன ஆகும்?

2024 மார்ச் 16, சனிக்கிழமை. டெல்லியில் தேர்தல் தேதிகளை வாசித்து முடித்ததும், காளஹஸ்தியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் என் மாமா டிவியை அணைத்துவிட்டுப் பரண் மேலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். உள்ளே பழைய வேட்டியில் சுற்றிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. "தேர்தல் நடத்தைக் கோடு வந்துடுச்சு. திங்கட்கிழமை ஸ்டேஷன்ல இருந்து போன் வரும் பாரு" என்றார். அப்படியே வந்தது.

அது அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி. வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்ட வாங்கியது. லைசென்ஸ் பிறகு மாமா பெயருக்கு மாறியது. அவர் அதைச் சுட்டு நான் பார்த்ததில்லை. பன்றியைச் சுடுவதற்கு வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் சத்தம் காட்டுவதற்குத்தான் அது. ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். "பெத்தாயனா, புக் தெச்சாரா?" (பெரியவரே, புத்தகம் கொண்டுவந்தீர்களா?) என்று தெலுங்கில் கேட்டார் ரைட்டர். மாமா லைசென்ஸ் புத்தகத்தை நீட்டினார். ரைட்டர் குழலில் பொறித்திருந்த எண்ணை விரலால் துடைத்துப் படித்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டார், தோட்டாக்களை மேஜையில் நிறுத்தி எண்ணினார், ரிஜிஸ்டரில் ஏற்றினார், ஒரு சின்ன அட்டையில் பெயரெழுதி விசைக்கருகே நூலால் கட்டினார். முத்திரை குத்திய ரசீது ஒன்று கொடுத்தார். எல்லாம் பதினைந்து நிமிடம்.

திரும்பி வரும்போது மாமா கேட்டார்: "இந்திரா காந்தி எமர்ஜென்சியில எங்கப்பா இதை ஒப்படைச்சதா எனக்கு ஞாபகமே இல்லடா. இப்ப ஒரு எலக்‌ஷனுக்கு ஏன் ஒப்படைக்கணும்?"

கேள்வி நியாயமானது. நாடே நெருக்கடியில் இருக்கும்போது வீட்டிலிருந்த துப்பாக்கி, ஓட்டுப் போடும் காலத்தில் ஏன் ஸ்டேஷனுக்குப் போகிறது? பலரும் நினைப்பதுபோல நெருக்கடி நிலையையும் துப்பாக்கியையும் சட்டம் ஒரே முடிச்சில் கட்டிவைக்கவில்லை.

அரசியலமைப்பில் நெருக்கடி மூன்று வகை. 352ஆம் பிரிவு தேசிய நெருக்கடி நிலை. 1962இல் சீனப் போரின்போதும், 1971இல் பாகிஸ்தான் போரின்போதும், 1975 ஜூன் 25 அன்று உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லியும் அறிவிக்கப்பட்டது. 356 குடியரசுத் தலைவர் ஆட்சி. 360 நிதி நெருக்கடி, இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. இந்த மூன்றிலும் துப்பாக்கியைப் பற்றி ஒரு வரி கிடையாது. இருக்கவும் வேண்டியதில்லை. நெருக்கடி நிலையில் அரசு செய்வது உரிமைகளை நிறுத்திவைப்பது. துப்பாக்கி வைத்துக்கொள்வது நம் நாட்டில் அடிப்படை உரிமையே அல்ல, அதனால் அதை நிறுத்திவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அடிப்படை உரிமைகளில் ஆயுதம் என்ற சொல் வரும் இடம் 19ஆம் பிரிவு, அதுவும் மறுப்பாக வருகிறது: ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும் உரிமை குடிமக்களுக்கு உண்டு.

ஆந்திரத்துக்காரர்களுக்கு இதை விளக்க 2014ஐக் காட்டினால் போதும். மாநிலப் பிரிவினையின் கலவரச் சூழலில் முதலமைச்சர் விலக, மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஜூன் 8 வரை நீடித்தது. அதே நாட்களில்தான் தேர்தலும் நடந்தது, சீமாந்திரப் பகுதியில் மே 7 வாக்குப்பதிவு. அந்த வருடமும் மாமாவின் துப்பாக்கி ஸ்டேஷனில்தான் இருந்தது. கவர்னர் கைக்கு ஆட்சி போனதற்காக யாரும் அதைக் கேட்கவில்லை. தேர்தல் வந்ததற்காகக் கேட்டார்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். திருப்பதி, சித்தூர்ப் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்கு இரண்டு இருக்கும். அங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் தரும் உரிமை. அதனால் நெருக்கடி அறிவிப்பு வந்தால் அது நேராகத் துப்பாக்கியில் போய் மோதும். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் போலீஸ் வீடு வீடாகத் துப்பாக்கிகளைப் பறித்தது பெரிய சர்ச்சையாகி, பேரிடர்க் காலத்தில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பறிக்கக் கூடாது என்று 2006இல் தனிச் சட்டமே போட்டார்கள். 2023 செப்டம்பரில் நியூ மெக்சிகோ கவர்னர், பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்து ஆல்புகர்க்கி நகரில் துப்பாக்கியோடு வெளியே வரத் தடை விதித்தார். சில நாட்களிலேயே நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு நம் ஊரை அளந்தால் கணக்கு தப்பும். அங்கே உரிமை, அரசு அதைத் தடுக்கக் காரணம் தேட வேண்டும். இங்கே அனுமதி, வேண்டுகிறவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

அந்த அனுமதியைத் தருவது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும். 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டத்தின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். அன்று வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு, நம்மவர்களுக்கு லைசென்ஸ். காளஹஸ்தி ஜமீனும் அப்போது சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. பின்னாளில் நிறபேதம் போனது, லைசென்ஸ் மட்டும் நிலைத்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை.

லைசென்ஸ் புத்தகத்தில் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். யாரும் படிப்பதில்லை. மாமாவும் படித்ததில்லை. ஆனால் நெருக்கடியைப் பற்றிய கேள்விக்குப் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது. மாவட்ட மாஜிஸ்திரேட் சிறப்பு அனுமதி தந்தாலொழிய, துப்பாக்கியைத் திருவிழாவுக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, வேறு பொதுக்கூட்டத்துக்கோ, கல்வி நிலைய வளாகத்துக்கோ கொண்டுபோகக் கூடாது என்பது அதில் ஒன்று. இதற்கு யாரும் எந்த நிலையையும் அறிவிக்கத் தேவையில்லை. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அமலில் இருக்கும்.

காளஹஸ்திக்காரர்களுக்கு இது சாதாரண வரி அல்ல. மகாசிவராத்திரி பிரம்மோற்சவத்தின்போது நான்கு மாட வீதிகளில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அந்த நாட்களில் இடுப்பில் லைசென்ஸ் ரிவால்வரோடு சாமி பார்க்கக் கிளம்புகிற பெரிய மனிதர், லைசென்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நிபந்தனையை மீறியவர்தான். இதில் ஒரு வேடிக்கை. அந்த பிரம்மோற்சவத்தின் முதல் கொடி ஏறுவது சிவனுக்கல்ல, மலைமேல் இருக்கும் கண்ணப்பருக்கு. வில்லும் அம்புமாகவே கருவறைக்குள் நுழைந்து, அந்த அம்பாலேயே தன் கண்ணைப் பெயர்த்து அப்பிய வேடருக்கு முதல் மரியாதை செய்துவிட்டுத்தான் ஊர் திருவிழாவைத் தொடங்குகிறது. இன்று அதே வீதியில் ஆயுதத்தோடு நடக்கக் கலெக்டரின் எழுத்து வேண்டும்.

மற்ற இடங்களில் எடுத்துப் போவதற்கும் ஒழுங்கு உண்டு. கைத்துப்பாக்கி என்றால் உறையில் இருக்க வேண்டும், நீளத் துப்பாக்கி என்றால் அதற்கான பையில். வெளியே தெரியாதபடி முழுக்க மூடியிருக்க வேண்டும், எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் பழக்கத்துக்கு 2019 திருத்தம் தனித் தண்டனையே வைத்துவிட்டது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லையோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கும். ஆந்திரத்துக்கு மட்டும் என்றால், சத்தியவேடு வழியாக ஊத்துக்கோட்டையில் இறங்கிய நிமிடமே கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி.

அடுத்தது நாம் தினமும் கேள்விப்படும் 144. பழக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம். 2024 ஜூலை 1இலிருந்து அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. கலெக்டரோ ஆர்.டி.ஓ.வோ கையெழுத்திட்டால் போதும், அமைச்சரவையும் நாடாளுமன்றமும் தேவையில்லை. கூட்டம் கூடத் தடை என்று மட்டுமே இதை நினைக்கிறோம். பெரும்பாலான ஆணைகளில் கம்பு, கத்தி, துப்பாக்கியோடு நடமாடக் கூடாது என்ற வரியும் இருக்கும். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அந்த ஆணை விலக்குத் தந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும், தானாக வராது. ஓர் ஆணைக்கு இரண்டு மாதம்தான் ஆயுள், மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டலாம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, உயிருக்கு ஆபத்து விளையும்படி மீறினால் ஓராண்டு வரை. ஆந்திரத்துச் செய்தித்தாள்களில் இதற்குப் பக்கத்திலேயே "30 ஆக்ட்" என்று ஒன்று வரும். அது 1861ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஊர்வலங்களையும் கூட்டங்களையும் போலீஸ் ஒழுங்குபடுத்த. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆயுதச் சட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன எமர்ஜென்சி ஒளிந்திருக்கிறது. 1983இல் சேர்த்த 24ஏ, 24பி பிரிவுகள் அவை. ஒரு பகுதியில் பொது அமைதி பெரிய அளவில் குலைந்துவிட்டது என்று மத்திய அரசு முடிவு செய்தால், எல்லையைக் குறித்து அரசிதழில் அறிவிக்கலாம். அறிவிப்பில் குறித்த தேதியிலிருந்து (வெளியான பிறகு நான்காம் நாளுக்கு முன்பாக அது இருக்க முடியாது), அதில் குறிப்பிட்ட வகை ஆயுதத்தை அங்கே வைத்திருப்பது சட்டவிரோதம், லைசென்ஸ் இருந்தாலும் அதற்குள் ஒப்படைத்தாக வேண்டும். எடுத்துக்கொண்டு பொது இடத்தில் நடமாடவும் தடை விதிக்கலாம். தொண்ணூறு நாள் வரை, பிறகு தொண்ணூறு தொண்ணூறாக நீட்டலாம். கலவரப் பகுதியில் லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தோடு பிடிபட்டால் தண்டனையும் ஏறும், மூன்று முதல் ஏழு ஆண்டு. நெருக்கடிக்கும் துப்பாக்கிக்கும் நேரான தொடர்பு நம் சட்டத்தில் இருக்கும் இடம் இதுதான். வேடிக்கை என்னவென்றால் இதற்கு 352ஆம் பிரிவு தேவையே இல்லை.

இலங்கையில் நிலைமை வேறு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு மறுநாள் அங்கே அவசரகால நிலை வந்தது, நான்கு மாதம் நீடித்தது. இடையில் மே மாதத்தில், வீட்டில் வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் போலீஸில் ஒப்படைத்துவிடுங்கள் என்று அறிவித்தார்கள். சமையலுக்கும் தோட்டத்துக்கும் வைத்திருக்கும் கத்திக்கு விலக்கு. நம் ஆயுதச் சட்டமும் அந்தக் கோட்டைக் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் போடுகிறது: அரிவாள், கடப்பாரை போன்று வீட்டுக்கும் விவசாயத்துக்குமே செய்யப்பட்டவை ஆயுதக் கணக்கில் வராது.

இனித் தேர்தல். மாமாவின் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான், அது அவ்வளவு சுத்தமான பதிலும் இல்லை.

தேர்தல் ஆணையத்தின் அறிவுரைப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டரும் எஸ்.பி.யும் உள்ள ஒரு பரிசீலனைக் குழு இருக்க வேண்டும். தேர்தல் அறிவித்த அன்றே வேலையைத் தொடங்கி, மாவட்டத்தில் இருக்கும் லைசென்ஸ்தாரர்களை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். ஜாமீனில் வெளியே இருப்பவரா, குற்றப் பின்னணி உண்டா, முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் கலவரத்தில் பெயர் இருந்ததா? அப்படிப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் தந்து துப்பாக்கியை வாங்கி வைக்க வேண்டும். முடிவு வெளியாகி ஒரு வாரம் கழிந்ததும் திருப்பித் தர வேண்டும். போட்டிகளில் பங்கேற்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும், வழக்கத்தால் ஆயுதம் தரிக்கும் உரிமை பெற்ற சமூகங்களுக்கும் விலக்கு உண்டு. குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸிலிருந்தே விலக்கு இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அதாவது காகிதத்தில் இருப்பது "ஒவ்வொருவராக". நடைமுறையில் பல மாவட்டங்களில் நடப்பது "எல்லோரும்". ஸ்டேஷனில் ஒரு பட்டியல் இருக்கும், மேலிருந்து கீழே போன் போகும். எழுபது வயதில் ஒரு டிராஃபிக் சலான்கூட வாங்காத மாமாவும் அந்தப் பட்டியலில் ஒருவர். உத்தரப் பிரதேசத்தில் இதை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2024 மார்ச்சில், அதாவது மாமா வரிசையில் நின்ற அதே மாதத்தில், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, தேர்தலைக் காரணம் காட்டி எல்லா லைசென்ஸ்தாரர்களையும் மொத்தமாக ஒப்படைக்கச் சொல்ல முடியாது, குழு பரிசீலித்து அவரவருக்குக் காரணம் காட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு ஆந்திரத்தைக் கட்டாது, ஆனால் ஆணையத்தின் அறிவுரை ஆந்திரத்துக்கும் அதேதான்.

போலீஸ் பக்கம் பேசவும் ஆள் வேண்டும். 2024 மே 13 வாக்குப்பதிவு. மறுநாளே, வாக்கு இயந்திரங்கள் இருந்த திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழக வளாகத்தில் சந்திரகிரி தொகுதி வேட்பாளர் ஒருவர் தாக்கப்பட்டார். அவருடைய பாதுகாவலர் வானத்தை நோக்கிச் சுட்டதாகச் செய்திகள் வந்தன. பல்நாடு, தாடிபத்ரியிலும் மோதல். தேர்தல் ஆணையம் போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தது, திருப்பதி எஸ்.பி.யும் மாற்றப்பட்டார். இப்படிப்பட்ட ஊரில், யாரைக் கேட்பது யாரை விடுவது என்று உட்கார்ந்து பார்ப்பதைவிட எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிவிடுவது சுலபம் என்று ஓர் இன்ஸ்பெக்டர் நினைப்பது புரியாத விஷயமல்ல. ஆனால் அந்த நிகழ்ச்சியையே உற்றுப் பாருங்கள். அரசு கொடுத்த பாதுகாவலரின் துப்பாக்கி பணி ஆயுதம், ஆயுதச் சட்டத்தின் லைசென்ஸ் விதிகளே அதற்குப் பொருந்தாது. 2015 நவம்பர் 17 அன்று சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே மேயர் கட்டாரி அனுராதாவைச் சுட்டுக் கொன்றவர்களும் தேர்தல் வந்தால் ரசீது வாங்கப் போகிறவர்கள் அல்ல. மலையடிவாரக் கிராமங்களில் வேட்டைக்கு வைத்திருக்கும் கணக்கில் வராத நாட்டுத் துப்பாக்கிகளும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒப்படைப்பு என்பது, புத்தகம் வைத்திருப்பவரின் கையிலிருந்து மட்டுமே வாங்க முடிந்த ஏற்பாடு. அதற்காக அது வீண் என்று சொல்லமாட்டேன். லைசென்ஸ் துப்பாக்கியைக் காட்டி ஊரை மிரட்டும் ஆட்களும் இருக்கிறார்கள், குழு தேட வேண்டியது அவர்களைத்தான்.

உங்களுக்கும் போன் வந்தால் சில விஷயங்கள். துப்பாக்கியை மகன் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். லைசென்ஸ் இல்லாத ஒருவர் உங்கள் துப்பாக்கியை எடுத்துப் போக, நீங்கள் கூட இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் எழுத்து வேண்டும். அந்த எழுத்தும் பழுதுபார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, உங்கள் உபயோகத்துக்கு என்ற காரணங்களுக்குத்தான். தோட்டா இல்லாமல், மூடி எடுத்துப் போங்கள். வழியில் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும், காட்ட மறுத்தால் துப்பாக்கியைக் கைப்பற்றலாம். ஸ்டேஷனுக்குப் பதிலாக லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம், அங்கே எண்ணெய் போட்டு வைக்க ஆள் இருக்கும். ஸ்டேஷனில் துப்பாக்கி இருக்கிறது என்று லைசென்ஸ் காலாவதியாகாமல் நிற்காது, புதுப்பிக்கும் தேதி நெருங்கினால் விண்ணப்பித்துவிடுங்கள். பொது அமைதிக்காக லைசென்ஸையே நிறுத்திவைக்கும் அதிகாரமும் கலெக்டருக்கு 17ஆம் பிரிவில் உண்டு. அப்படிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும், கேட்டால் சுருக்கமாகத் தர வேண்டும். பொது நலனுக்கு ஆகாது என்று நினைத்தால் மட்டும் தராமல் இருக்கலாம். மேல்முறையீடும் உண்டு.

முடிவுகள் ஜூன் 4 அன்று வந்தன. ஒரு வாரம் என்றால் ஜூன் 11. மாமாவுக்குத் துப்பாக்கி கைக்கு வந்தது ஜூன் கடைசியில், மூன்று முறை நடந்த பிறகு. அட்டை அப்படியே கட்டியிருந்தது, தோட்டாக் கணக்கும் சரி. குழலில் மட்டும் துரு. இடையில் ஏப்ரலில் கடலை பிடுங்கும் நேரத்தில் பன்றிகள் இரண்டு ராத்திரி வந்து போயிருந்தன, தகர டின்னைத் தட்டிச் சமாளித்தார்.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, கம்பியில் துணி சுற்றித் தேங்காய் எண்ணெய் தொட்டுக் குழலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய் வேண்டாம் மாமா, பிசுக்குப் பிடிக்கும் என்றேன். கேட்கவில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தேன். தேதி, துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, முத்திரை எல்லாம் இருந்தன. எந்த ஆணையின் கீழ் வாங்கினார்கள் என்ற எண் மட்டும் இல்லை. குழுவின் நோட்டீஸும் வரவில்லை. சொன்னதும் மாமா பேனா கேட்டார். லைசென்ஸ் புத்தகத்தின் அட்டை உள்பக்கத்தில், எண்ணெய்க் கறை பட்டாலும் பரவாயில்லை என்று, பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்: அடுத்த வாட்டி ஆர்டர் நம்பர் கேட்கணும்.